அண்ணி அடைத்துவைத்த மேய்ச்சல்

பன்னிரண்டு வருஷமாக டிராக்டர்காரனுக்கு ஒரே வயிற்றெரிச்சல். குடும்ப நிலத்தில் குடும்ப மாட்டை மேய்க்க அவன் அண்ணியிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

அண்ணன் இறந்த மறுவருஷமே அவள் ஓடையோரத்து மேய்ச்சலை ஏழு துண்டாகக் கம்பிவேலி போட்டுப் பிரித்தாள். ஒரு துண்டில் நாலு நாள் மேய்ச்சல். அப்புறம் புல் முழங்கால் உயரம் தேறும்வரை அந்தப் பக்கம் மாடு போகக் கூடாது. ஊர் அவளுக்குப் 'பூட்டு' என்று பேர் வைத்தது. பால் வண்டிக்காரர் இவனைக் கண்டால் விடமாட்டார்.

"என்னப்பா, இன்னிக்காவது உங்க மாட்டுக்கு ஜாமீன் கெடச்சுதா?"

நாலாம் வருஷம் அண்ணி மகள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. முதல் மழை பெய்து பத்து நாள். டிராக்டரில் உட்கார்ந்து பார்த்தால் மூன்றாம் துண்டு பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. இவ்வளவு புல்லை வைத்துக்கொண்டு மாட்டைக் காயப் போடுவதா? வேலிக் கதவைத் திறந்துவிட்டான். இறங்கிப்போய்க் குனிந்து பார்த்திருந்தால், துளிருக்கும் துளிருக்கும் நடுவே வெறும் மண் தெரிந்திருக்கும். தூரத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் எந்தப் புல்லும் அடர்த்திதான். முப்பது மாடும் இரண்டே நாளில் வேர்வரை மேய்ந்து தீர்த்தன. அடுத்த பெருமழையில் மேல்மண் கரைந்து, ஓடை காப்பி நிறத்தில் ஓடியது.

திரும்பி வந்த அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். அதன்பிறகு எந்தத் துண்டை எப்போது திறப்பது என்று அவனிடம் ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டதில்லை. மாடு ஓட்டவும் வேலி கட்டவும் மட்டும் அவன். அதுதான் அவனை அரித்தது.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் எலும்பும் தோலும். அண்ணியின் கடைசி இரண்டு துண்டில் மட்டும் இன்னும் முழங்கால் புல். பால் வண்டிக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"ஏப்பா, இந்த மாதிரி வேலி போட எத்தன கம்பம் புடிக்கும்?" கிண்டல் எங்கே போனதோ.

இந்த நேரம் பார்த்து அண்ணிக்கு இடுப்பில் ஆபரேஷன். மூன்று மாதம் மகள் வீட்டில் படுக்கை. கார் வாசலில் நின்றது. இவன் பையை வாங்கி உள்ளே வைத்தான்.

"அண்ணி, எதை எப்பத் திறக்கணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"எழுதிக் குடுத்தா மட்டும் படிச்சுக் கிழிச்சுருவியாக்கும்."

"அந்த மூணாம் துண்டை நீங்க மறக்கல. எனக்குத் தெரியும்."

"எப்படி மறப்பேன்? ரெண்டு வருஷம் புல்லு மூடாம வெறும் மண்ணாக் கெடந்துச்சு." அவள் கார்க் கதவைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். "நீ விடியறதுக்குள்ள வைக்கோலும் சாணியும் கொண்டுபோய்க் கொட்டிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து காப்பி குடிப்பியே. அதையும்தான் மறக்கல."

அவன் காது சிவந்துபோனது.

"நல்லாக் கேட்டுக்க தம்பி. அங்க வந்து என் உடம்பு எப்படி இருக்குன்னு கேளு. எந்தத் துண்டத் திறக்கட்டும்னு மட்டும் போன் பண்ணிராத. அத நீ பாத்துச் செய்யி."