திறந்துவிட்டு அளந்த பெட்ரோல்

ஒரு பிரதோஷத்தன்று என் சைக்கிளை மெக்கானிக் தேவசகாயம் அண்ணனின் ஷெட்டில் நிறுத்திவிட்டு, பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு சரிவு. அதில் இறங்கும்போது ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடிவந்தது. பிரேக்கைப் பிடித்தேன், சைக்கிள் அப்படியே நின்றது. வேதகிரீஸ்வரர்தான் நிறுத்தினார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து சைக்கிள் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார், என் வண்டிக்கென்று புது பிரேக் கட்டை வாங்கிப் போனது தேவசகாயம் என்று. அவரிடமே போய்க் கேட்டேன்.

"பழைய கட்டையில பிடிப்பே இல்ல தங்கச்சி. பார்த்ததும் எனக்கு பயமாப் போச்சி, அதான்," என்றார். கையில் இருந்த வேலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். நட்டை முடுக்கிவிட்டு மூன்று தரம் தொட்டுப் பார்ப்பார். வண்டியை ஆளிடம் கொடுக்கும் முன் பானெட்டின் மேல் கை வைத்து, வாய்க்குள் ஒரு ஜெபம். நான் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்த லாட்ஜின் கிளார்க் அருணகிரி அவரைச் சும்மா விட மாட்டார்.

"இன்னா தேவா, மூணு வாட்டி பாத்துட்டியா? நாலாவது வாட்டி நான் வந்து பாக்கட்டா?"

"வந்து பாரேன். எனக்கும் தூக்கம் வரும்," என்பார் இவர்.

படாளம் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் அவருடையது. சொந்தமாகக் கையகலம் நிலம் கிடையாது. இவர் எட்டாவதோடு படிப்பை விட்டு, பம்புசெட் ரிப்பேர் பழகினார். பிறகு செங்கல்பட்டில் லாரிகளின் டீசல் பம்பு பார்க்கும் கடையில் பன்னிரண்டு வருஷம். தொண்ணூற்றாறில்தான் மாமல்லபுரத்தில் தகரம் வேய்ந்து சொந்த ஷெட் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாள் ஷெட். அவர் கையிலிருந்து போன வண்டி வழியில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் லட்சுமணன் சார் அந்தக் காரைக் கொண்டுவந்தார். கடலோரம் ஆறு காட்டேஜ் கட்டி வாடகைக்கு விட்டிருந்தவர். ஜப்பான் கார், சிவப்பு நிறம், தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். என் தம்பி பிரவின்குமார் அவரிடம் டிரைவராக இருந்தான். அம்மா அப்பா போன பிறகு நான் சோறு ஊட்டி வளர்த்தவன். எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

அந்தக் காரின் இஞ்சினில் பிஸ்டன் கிடையாதாம். ஒரு பெட்டிக்குள் முக்கோணம் ஒன்று சுற்றும். அதன் மூன்று முனையிலும் மெல்லிசாகச் சீல் இருக்கும். டர்போ என்று ஒரு விசிறி, காற்றை அழுத்தி உள்ளே அடைக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கு ஈடாகக் கூட வேண்டும். இதெல்லாம் அண்ணன் எனக்குச் சொன்னது.

"பெட்ரோல் கம்மியாச்சின்னா வண்டி மெதுவாத்தானே போவும்?" என்று கேட்டேன்.

"இல்ல தங்கச்சி. இந்த இஞ்சினுக்கு பெட்ரோல்தான் நெருப்பு, பெட்ரோல்தான் குளிர்ச்சி. கம்மியாச்சின்னா உள்ள சூடேறி வெடிக்கும். சீல் ஒடையும். அதுக்கு மன்னிப்பே கிடையாது."

லட்சுமணன் சார் தன் சிநேகிதர்களோடு பந்தயம் பேசிவிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாலாற்றுப் பாலம் தாண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓட்டப்போவது பிரவின். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டித் தர வேண்டும் என்று அண்ணனிடம் வந்தார்.

"முதல்ல பெட்ரோல் போதுமான்னு பாக்கணும் சார். அதுக்கப்புறம்தான் காத்து," என்றார் இவர்.

பெட்ரோலை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரிதாக வேண்டும் என்றார். சார் எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தார். டாங்கியில் இருக்கிற பம்பு தாங்குமா என்பதுதான் மிச்சம். ஒரு வாரம் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சந்திரம்மா சொன்னாள். முழு வேகத்துக்கு நிமிஷத்துக்கு இரண்டேகால் லிட்டர் தேவை என்று ஒரு தாளில் கணக்குப் போட்டிருந்தார். பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளக்கும் லிட்டர் குவளையை வாங்கிவந்து, பம்பின் குழாயை அதில் திறந்துவிட்டு, கடிகாரம் பார்த்து அளந்தார். நானும் அங்கே இருந்தேன். ஒரு நிமிஷத்துக்கு மூன்று லிட்டர் வந்தது.

அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை. "முக்கா லிட்டர் மிச்சமே கீது. பிரவினைப் பத்தி நீ பயப்படாத தங்கச்சி," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் நானும் நிம்மதியாகி, வீட்டில் விளக்கேற்றினேன். அழுத்தத்தைக் கூட்டும் சின்ன வால்வு ஒன்றை அன்றைக்கே மாட்டிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பிரவின் என்னிடம் விபூதி பூசிக்கொண்டு போனான். நான் லாட்ஜுக்குப் போனேன். அங்கே மூன்றாம் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அருணகிரி, தேவசகாயம் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு வந்தவர், கீழே மோட்டார் பக்கம் குழாயைக் கழற்றிவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

"கீழ இவ்ளோ கொட்டுதே அண்ணா, மேல மட்டும் இன்னாத்துக்கு நூலு மாதிரி வுழுது?" என்றேன்.

"மேல தள்ளணும் இல்ல? எதுத்துத் தள்றப்போ தண்ணி கம்மியாத்தான்..."

பாதியில் நின்றுவிட்டார். கையில் இருந்த ஸ்பானரைத் தண்ணீர் வாளிக்குள் வைத்தார். வைத்தது அவருக்கே தெரியவில்லை.

"தொறந்து வுட்டு அளந்துட்டேன்," என்றார், யாரிடமோ சொல்வது போல.

"இன்னா அண்ணா?"

"பெட்ரோலை. நிலத்துப் பம்புக்கு அளக்கிற மாதிரி தொறந்து வுட்டு அளந்துட்டேன். அங்க டர்போ எதுத்து அழுத்தும். அத மீறித் தள்ளணும். மூணு லிட்டர் வராது தங்கச்சி. ரெண்டு வந்தா பெரிசு. பிரவின் எங்க?"

பாலாற்றுப் பாலத்துக்குப் போயிருப்பான் என்றேன். லாட்ஜ் போனில் லட்சுமணன் சாரின் செல்லுக்குப் போட்டோம். எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடியும் போட்டோம், மறுபடியும் அதே குரல். அருணகிரி ஒரு கேலியும் பேசாமல் தன் டிவிஎஸ் ஐம்பதின் சாவியை எடுத்து நீட்டினார்.

அண்ணன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இருபது கிலோமீட்டர். அந்த வண்டி நாற்பதுக்கு மேல் போகாது. கல்பாக்கம் முனையில் அணுமின் நிலைய ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றன; அண்ணன் மண்ணில் இறக்கி ஓட்டினார். அவர் ஏசுவே ஏசுவே என்று முனகிக்கொண்டு வந்தார். நான் மலைக்கோயில் இருக்கிற திசையைப் பார்த்தேன். சிவசிவா என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. எதிரில் வந்த ஒவ்வொரு வண்டியையும், ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கொண்டுபோகிறதோ என்று பார்த்தேன்.

பாலம் தாண்டியதும் சாலை நேராக நீண்டது. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. தூரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, எங்களைப் பார்த்து வந்தது. சத்தம் அதற்கு முன்னால் வந்தது, வண்டுக் கூட்டம் போல.

அண்ணன் டிவிஎஸ்ஸை என் மேலேயே சாய்த்துவிட்டு இறங்கி, நடுச் சாலைக்குப் போனார். துண்டை எடுத்து வீசினார். புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் "அண்ணா, வந்துடு அண்ணா" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. டயர் கிறீச்சிட்டுப் புகை எழுந்தது. கார் கொஞ்சம் அலைந்து நின்றபோது, அதற்கும் அவருக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற இடம்தான் இருந்தது.

பிரவின் இறங்கிவந்தான். உதடு வெளுத்திருந்தது. "இன்னாண்ணா, சாவறதுக்கா வந்த?"

"முழுசா அழுத்துனியா? சொல்லு, அழுத்துனியா?"

"இல்லண்ணா. இது சும்மா ஒரு தடவை. திரும்பிப் போறப்பதான் முழுசா அழுத்தச் சொன்னாரு."

அண்ணன் பானெட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமை மாட்டிய வால்வைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய குழாயை நேராக மாட்டினார். மாட்டியதை மூன்று தரம் தொட்டுப் பார்த்தார். நான் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் லட்சுமணன் சார் இன்னொரு காரில் சிநேகிதர்களோடு வந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சரின்னு சொன்னது யாரு தேவா?"

"நான்தான் சார். நான் அளந்தது தப்பு. பெட்ரோல் பத்தாது. இந்த அழுத்தத்துல ஓட்டாதீங்க."

சிநேகிதர் ஒருவர் சிரித்தார். "உங்க மெக்கானிக் ரோட்டுல நின்னு ஜெபம் பண்ணுவாரா லட்சுமணன்?"

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. வால்வை மறுபடி மாட்டச் சொன்னார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, மாட்ட மாட்டேன் என்றார். சார் பிரவினைப் பார்த்தார். பிரவின் என்னைப் பார்த்தான். பிறகு சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு வேலை வேணாம் சார்," என்றான்.

"ஒரு குழாய் மாட்ட எனக்குத் தெரியாதா?" என்று சாரே வால்வை எடுத்து மாட்டினார். அவரே ஏறி உட்கார்ந்தார். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். சார் கதவை இழுத்துச் சாத்தினார்.

கார் வளைந்து திரும்பி, வந்த வழியே பறந்தது. முதலில் வண்டுச் சத்தம், பிறகு ஊளை. பிறகு தகரத்தில் கல் எறிந்தது போல இரண்டு மூன்று சத்தம். பின்னால் நெருப்பு கக்கியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. கார் குறுக்கே திரும்பி, சவுக்கு மரங்களுக்குள் பக்கவாட்டில் போய் மோதியது.

லட்சுமணன் சார் பிழைத்துக்கொண்டார். தோள் எலும்பும் இரண்டு விலாவும் முறிந்தன. அவரை வெளியே இழுத்தது அண்ணனும் பிரவினும்தான். காய்ந்த புல்லில் பிடித்த தீயை மண் அள்ளிப் போட்டு அணைத்தோம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு மரமே நுழைந்திருந்தது. உடைந்த சீல் துண்டு உள்ளே சிக்கி இஞ்சின் இறுகியிருக்கும், அதனால்தான் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று அண்ணன் பிறகு சொன்னார். அன்று இரண்டு வேளை நான் சோறு பிசைந்து பிரவினுக்கு ஊட்டினேன். இருபத்தேழு வயசுக்காரன், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சார், மெக்கானிக்தான் இஞ்சினைக் கெடுத்தான் என்று ஊரெல்லாம் சொன்னார். நான் கொதித்துப்போய், நடந்ததைச் சொல்லு அண்ணா என்றேன். "அளந்தது நான்தானே. அதுல பொய்யில்லையே," என்று விட்டுவிட்டார். ஷெட்டுக்கு வண்டி வருவது குறைந்தது. சாரின் ஆட்கள் இரண்டு பேர் எதிரில் பைக்கை நிறுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றும் பேச மாட்டார்கள், பார்ப்பார்கள். சந்திரம்மா தண்ணீருக்குக்கூட வெளியே வர மாட்டாள். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடப்பாக்கத்தில் மீன்காரர்களின் படகு இஞ்சின் பார்க்கிறேன் என்று ஷெட்டைப் பிரித்துவிட்டார். பிரவினுக்குப் பொத்தேரியில் காலேஜ் பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தது.

அவர்கள் கிளம்பிய அன்று பாண்டிச்சேரி பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். சந்திரம்மா மூட்டைகளோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். உன் தைரியத்தால்தான் என் தம்பி உயிரோடு இருக்கிறான், தினமும் உன் பேரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன் என்றேன். அவர் ஏறப் போனவர் நின்றார். பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தைரியம்னு யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத தங்கச்சி. காரு கிட்ட வந்ததும் ஓடிடலாம்னுதான் பார்த்தேன். பயத்துல காலு நகரல."

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.