பெரிய வெள்ளி வேலை நாள்

பெங்களூரில் எங்கள் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் பண்டிகை லீவுகளைக் கை தூக்கச் சொல்லி முடிவு செய்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், கேன்டீனில் வைத்து. புதிதாக வந்திருந்த ஹெச்.ஆர். அதிகாரி நாற்காலியில் ஏறி நின்றார். சுதந்திர தினம் போன்றவற்றில் கை வைக்கமாட்டோம், மற்றபடி எந்தப் பண்டிகைக்கு அதிகம் பேர் கை தூக்குகிறீர்களோ அதற்குத்தான் லீவு என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

உகாதிக்குக் கூடமே கை தூக்கியது. வரமகாலட்சுமிக்கு அதைவிட உற்சாகம். பெரிய வெள்ளி என்றதும் சத்தம் அடங்கிவிட்டது. கோலார் தங்க வயலிலிருந்து தினமும் ரயிலேறி வருகிற நாங்கள் சிலர் மட்டும் தூக்கினோம். நான் கிறிஸ்தவள் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்காகத் தூக்கினேன். உடன்பிறந்தவர் இல்லை, எதிர் வீடு. ரயிலில் பக்கத்து சீட், ஃபேக்டரியில் முன்னால் மெஷின். அவர் காலர் தைத்து நகர்த்துவார், நான் அதைச் சட்டையோடு சேர்ப்பேன்.

ஆடிக் கிருத்திகையையும் கேட்டுப் பார்க்கலாம் என்று எழுந்தேன். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த எங்கள் ஜனங்களுக்கு அதுதான் பெரிய நாள். "அது யாவ ஹப்ப?" என்று, அது என்ன பண்டிகையென்று, பின்னாலிருந்து ஒருத்தி கன்னடத்தில் கேட்டாள். அப்படி ஒரு பண்டிகையை அவள் கேள்விப்பட்டதே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு ரயிலில் பங்காருபேட்டை தாண்டியதும் அக்காவிடம் பேச்சை எடுத்தேன்.

"பெரிய வெள்ளிக்கு லீவு போட்டுக்கலாமேக்கா" என்றேன்.

"போட்டுக்கலாம். கேட்டா குடுப்பாங்க. என் ஆண்டவரு செத்த நாளுக்குப் போயி இவங்க கையில கெஞ்சணுமான்னுதான் கீது."

கெஞ்சத்தான் செய்தார். லீவும் கிடைத்தது. முந்தின நாள் சாயங்காலம் சூபர்வைசர் எங்கள் மெஷின் பக்கம் வந்து நின்றார். கன்னடப் பையன், வயதில் எங்களைவிடச் சின்னவர், ஒருநாளும் மரியாதை தவறாதவர். ஷிப்மெண்ட் போயே ஆகவேண்டும், காலருக்கு வேறு ஆள் இல்லை, எப்படியாவது வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். "இது கம்பெனி லீவு இல்லையே அக்கா" என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டார்.

மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார். எங்கள் ஊர் சர்ச்சில் சிலுவைப் பாதை தொடங்குகிற நேரத்துக்கு அவர் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது, டார்கெட்டுக்கு மேலேயே தைத்தார். மூன்று மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது.

லைனில் ஒருவர் நின்றால் பின்னால் எல்லாரும் நிற்கவேண்டியதுதான். எனக்குக் காலர் வரவில்லை. எனக்குப் பின்னால் இருந்தவளுக்குச் சட்டை போகவில்லை. சூபர்வைசர் ஓடிவந்தார்.

"யாக்கே அக்கா, ஹுஷாரில்வா?" உடம்பு சரியில்லையோ என்று பதறிப்போய்த்தான் கேட்டார்.

அக்கா கண்ணைத் திறக்காமல் ஜெபத்தைத் தொடர்ந்தார். நான்தான் எழுந்து, "அவங்க சாமி உயிர் விட்ட நேரம் சார்" என்றேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா சிலுவை போட்டு உட்காரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு குனிந்து, மெதுவாக, "மெஷின் ரிப்பேர்னு எழுதிக்கறேன், பிரச்சனை வராது" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"மெஷின் நல்லாத்தான் கீது சார். நான் ஜெபம் பண்ணேன். அப்படியே எழுதுங்க."

அவர் கெஞ்சிப் பார்த்தார். அக்கா மசியவில்லை. அவரும் உள்ளதை எழுதினார்.

அடுத்த வாரம் அக்காவை ஹெச்.ஆர். அறைக்கு அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இன்னைக்கு நீங்க நின்னீங்க. நாளைக்கு ஒருத்தர் நமாஸுக்கு நிப்பார், இன்னொருத்தர் ராகுகாலம்னு சொல்லுவார். லைன் எப்படிம்மா ஓடும்?" என்றார்.

எங்கள் அப்பா சுரங்கத்தில் பம்ப் ஓட்டியவர். பூமிக்கடியில் ஊறுகிற தண்ணீருக்குப் பண்டிகை கிடையாது, இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அதனால் தீபாவளி ஷிப்ட்டைக் கிறிஸ்தவ நண்பர் பார்த்தார், கிறிஸ்துமஸ் ஷிப்ட்டை அப்பா பார்த்தார். அதைச் சொல்லி, "அதே மாதிரி நாங்களும் மாத்திக்கறோம் சார்" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அங்க ஒரு பம்புக்கு ஒரு ஆள் போதும். இங்க ஒரு சட்டைக்கு முழு லைனும் வேணும். தீபாவளிக்கு இவங்க மட்டும் வந்து என்ன தைப்பாங்க?" என்றார். அதுவும் உண்மைதான்.

அக்காவைத் தண்டிக்கவில்லை. பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். அங்கே ஒருவர் நின்றால் லைன் நிற்காது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தாலும், நாள் முழுக்க முன்னால் தெரிந்த அந்த முதுகு இல்லாமல் எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் அந்தப் பேச்சு வீணாகப் போகவில்லை. அடுத்த வருஷம், அவரவர் விரும்புகிற பண்டிகைக்கு ஒரு நாள் தனி லீவு என்று அறிவித்தார்கள். யாரிடமும் கேட்கவேண்டாம், முன்கூட்டிச் சொன்னால் போதும். அக்கா பெரிய வெள்ளியைச் சொன்னார். நான் ஆடிக் கிருத்திகை. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம். டாய்லெட் கழுவுகிற அம்மாவிடம் சந்தோஷத்தோடு போய்ச் சொன்னேன். அவர் எங்கள் ஊர்தான், கான்ட்ராக்ட் ஆள்.

"எனக்கு இன்னாம்மா அதுல? லீவு வுட்டா அன்னிக்குக் கூலி இல்ல. உங்க சாமிங்க எல்லாரும் ஞாயித்துக்கெழமையில வந்தா எனக்கு நல்லாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆடிக் கிருத்திகையன்று விடியலிலேயே எழுந்து வீட்டைக் கழுவினேன். கணவர் வழக்கம்போல ஆறு மணி வண்டிக்குக் கிளம்பினார். அவர் கம்பெனியில் அப்படியொரு லீவு இல்லை. மகளுக்குக் காலேஜில் பரீட்சை. பொங்கல் வைத்து, பூக்கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கோயிலுக்கு ஒருத்தியாகப் படியேறினேன். காவடிகள் இருந்தன, குறைவாக. பெரும்பாலும் பென்ஷன் வாங்குகிறவர்கள். நன்றாகத்தான் கும்பிட்டேன். திரும்பி வந்து படையல் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். சாயங்காலம் அவர்கள் வரட்டும் என்று மூடி வைத்தேன். வந்தவர்கள் அசதியில் இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள்.

அக்காவின் பெரிய வெள்ளி எப்படிப் போனது என்று முன்பே கேட்டிருந்தேன். பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை வண்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"திருப்தியா ஜெபம் பண்ணீங்களாக்கா?"

"பண்ணேன். முழு நாளும் சர்ச்சுலதான் இருந்தேன். பாதி பெஞ்சு காலி. சிலுவையைத் தூக்க எப்பவும் வாலிபப் பசங்க சண்டை போடுவாங்க. இந்த வாட்டி ஃபாதர் ஆள் தேடினு நின்னாரு. எல்லாம் பெங்களூருல டூட்டி. எம் மவனும்தான்."

"அப்போ யாரு தூக்கனாங்க?"

"பொம்பளைங்க நாங்கதான். நல்லா கனமா கீதுடி அது" என்று தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.