அட்டையின் மேல் போட்ட பழி

என் மனைவியின் விரல் போனதற்குக் காரணம் நான். அட்டைப்பூச்சி அல்ல.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதற்கும் தைரியம் காரணமில்லை... களைப்புத்தான். ஒரே பொய்யைச் சுமந்துகொண்டு எத்தனை ஏற்றம் ஏறுவது?

இலங்கை மலையகத்தில், கினிகத்தேனை வீதியில், வாகனம் கழுவும் இடமொன்றில் வேலை செய்கிறேன். சேர்ந்த அன்றே முதலாளி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் மெஷினைக் காட்டி ஒன்றைத்தான் சொன்னார். "இத மட்டும் ஆள் பக்கம் திருப்பாத. வெளையாட்டுக்குக்கூடத் திருப்பாத." லொறியில் காய்ந்த சேற்றை அது கிளப்பிவிடும். கொஞ்சம் கிட்டப் பிடித்தால் பெயின்டையும் சேர்த்து உரித்துவிடும். இதை நாள்தோறும் பார்ப்பவன் நான். பெயின்டை உரிக்கிற தண்ணீர் தோலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்தேதான் செய்தேன்...

நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா நெருங்கியிருந்தது. தேர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாக வரும். வந்து நிற்கும் வாசலில் பாசி வழுக்கினால் வீட்டுக்காரனுக்குத்தான் வெட்கம். மழைக்காலம் முழுதும் எங்கள் வாசற்கல் பச்சையாகக் கிடந்தது. குனிந்து தேய்க்க எனக்குச் சோம்பல். முதலாளி வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மெஷினை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மலையிலிருந்து குழாய்வழி விழும் பீலித் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி மெஷினை ஓடவிட்டேன். பாசி பறந்தது! கல் புதிதாகத் தெரிந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனிதனுக்குப் பெருமை வர எவ்வளவு அற்பமான பொருள் போதுமாயிருக்கிறது, பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் ராணி மலையிலிருந்து வந்தாள். ராணி என் மனைவி. கொழுந்து பறிப்பதில் எங்கள் டிவிசனில் அவளை அடிக்க ஆளில்லை. அவள் கை செடிமேல் ஓடுவதைப் பார்த்துக் கங்காணியே வாயடைத்து நிற்பார். அந்த வலது கையின் ஆட்காட்டி விரலில் ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் உப்பு எடுத்துத் தாங்க" என்றாள்.

"உப்பு எதுக்கு? கைய நீட்டு. எப்புடிப் பறக்குதுன்னு மட்டும் பாரு!"

நீட்டினாள். நான் சொன்னால் அவள் ஏன் என்று கேட்பதில்லை.

அட்டை பறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ராணி மட்டும் "ஸ்ஸ்..." என்று கையை உதறினாள். விரலில் ஊசி குத்தியது போல ஒரு சின்னத் துளை, ஒரு சொட்டு இரத்தம். அட்டை கடித்தாலும் இரத்தம் வரத்தானே செய்யும்? மஞ்சளை அப்பினோம். நான் மிச்சப் பாசியைக் கழுவப் போனேன்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக எழுந்தவளால் விரலை மடக்க முடியவில்லை. வீங்கி, நீலம் பாரித்துக் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் மெஷினைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்!

டொக்டர் சிங்களவர். ராணிக்குக் கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான் சிங்களம் தெரியும். நான்தான் பேசினேன். அட்டைக்கடி இப்படி வீங்காதே என்று அவர் சந்தேகப்பட்டார். மெஷினிலிருந்து தண்ணீர், கிரீஸ் ஏதாவது வேகமாகப் பட்டதா என்று கேட்டார். பட்டிருந்தால் வெளியே துளை சிறிதாக இருந்தாலும் அழுக்கு உள்ளே வெகுதூரம் போயிருக்கும், விரலை இப்போதே திறந்து கழுவ வேண்டும் என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. மெஷின் யாருடையது என்று அடுத்துக் கேட்பாரே! பொலிசுக்குச் சொல்வாரோ? முதலாளி காதுக்கு எட்டினால் வேலை போகுமே...

"இல்லை டொக்டர், அட்டைதான்" என்றேன்.

"என்னங்க கேக்குறாரு?" என்றாள் ராணி.

"அட்டை கடிச்சதான்னு கேக்குறாரு."

"ஆமான்னு சொல்லுங்க, பாவம், எத்தன வாட்டி கேப்பாரு."

வார்டில் படுக்கவைத்து மருந்து கொடுத்தார்கள். வீக்கம் புறங்கைக்கு ஏறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் கேட்டார்கள். அங்கேயும் அட்டை என்றேன். இப்போது மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்றாகிவிடுமே! கையைக் காப்பாற்ற விரலை எடுத்தார்கள். என் வேலை மட்டும் பத்திரமாக இருந்தது.

ராணியால் இனிக் கொழுந்து பறிக்க முடியாது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். காலையில் மற்றப் பெண்கள் கூடையோடு மலைக்கு ஏறும்போது, இவள் கைப்பிள்ளையொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்து நிற்பாள். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியாது.

அவள் யாரையும் குறை சொல்வதில்லை. அட்டையை மட்டுந்தான் சொல்வாள். லயத்துக்குப் புதிதாக வரும் பெண்களிடமெல்லாம் சொல்வாள்: "அட்டைய லேசா நெனைக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு ஒடனே தண்ணியப் பீச்சி எடுத்தும் வெஷம் ஏறிருச்சு." அவர்கள் என்னை மெச்சுகிறார்கள்! நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கமான மனிதன் என்கிறார்கள்.

இப்போதாவது அவளிடம் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் விரல் திரும்பி வருமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்கிறேன். நியாயமா அது? பயம்! அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்ற வெறும் பயம்...

ரோட்டுக்குப் போகும் குறுக்குப்பாதை தேயிலைக்குள் போகிறது. மழை பெய்தால் அட்டை மொய்க்கும். அதனால் நான் வேலைக்குப் புறப்படுமுன் ராணி என்னைப் படியில் உட்காரவைத்து, காலில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுவாள். அட்டை ஏறாதாம். ஆட்காட்டி விரல் இல்லாத கையில் சோப்புக் கட்டி சரியாக நிற்பதில்லை.

இன்று காலையும் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"இந்தக் கால் முடிஞ்சுது. மத்த கால நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன்.