லூசிலுக்குச் சொல்லாமல் நட்டவை

கியூபெக்கில், வில்லரே என்ற பகுதியில் அக்னெஸ் குடியிருந்த வீட்டுக்கு மேல்வீட்டில் லூசில் என்ற கியூபெக்காரி ஒருத்தி தனியாக இருந்தார். வயது எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணம் கட்டாதவர். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவரோடு பிஜூ என்றொரு நாய். மடிக்குள் அடங்குகிற வெள்ளைச் சடைநாய். அதுவும் கிழடு.

அக்னெஸ் மன்னார்ப் பெண். புருஷன் கிறகரி பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அவள் ஒரு கார்டெறியில், சின்னப்பிள்ளைகள் காப்பகத்தில், சமைத்தாள். ஒரே மகன் அன்டன் படிப்பு முடிந்ததும் கல்கரிக்குப் போனவன், பெருநாளுக்கு மட்டும் தொலைபேசி எடுப்பான். மகன் போன அந்த வருடம்தான் அக்னெஸ் பின்படிகளில் போய் உட்காரத் தொடங்கினாள். படியின் மேல்முனையில் லூசில் இருப்பார், கீழ்முனையில் இவள். நாய் நடுவில் ஏறி இறங்கித் திரியும்.

அக்னெஸின் பிரெஞ்சு அந்தப் படிகளில்தான் திருந்தியது. லூசில் பிழையைத் திருத்துவார், சிரிக்க மாட்டார். முதலில் இருவரும் 'வூ' சொல்லித்தான் கதைத்தார்கள். 'வூ' என்றால் நீங்கள். ஒருநாள் அக்னெஸ் மீன் கட்லட் கொண்டுபோய்க் கொடுத்தபோது லூசில், "இனி எனக்கு வூ வேண்டாம். த்தூ சொல்லு" என்றார். த்தூ என்றால் நீ. வயதில் மூத்த மனுசியை நீ என்று கூப்பிட அக்னெஸுக்கு நாக்கு வளையவில்லை. பழக ஒரு கோடைகாலம் பிடித்தது. பழகிய பிறகு, இந்த நாட்டில் தன்னை நீ என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறது என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு உயிர்த்த ஞாயிறுக்கு அக்னெஸ் சுப்பர்மார்க்கட்டில் நீலப் பூச்சட்டி ஒன்று வாங்கி லூசிலின் வாசலில் வைத்தாள். தடித்த ஒரு தண்டைச் சுற்றி நெருக்கமாகச் சின்னச் சின்னப் பூக்கள். ஆங்கிலத்தில் ஹயசிந்த், பிரெஞ்சில் ஜசாந்த். அந்த ஒரு சட்டியின் வாசம் மேல்வீடு, படி, கீழ்வீடு எல்லாம் நிறைந்தது. லூசில் கதவைத் திறந்து சட்டியைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதார். சின்ன வயதில் அவருடைய தாய் வீட்டுச் சுவரோரம் இதைத்தான் நட்டிருந்தாராம். பனி கரைந்த சேற்றுக்குள் முதலில் எழும்பும் பூ இதுதானாம்.

அன்றைக்கே அக்னெஸ் மனதில் முடிவெடுத்துவிட்டாள். அடுத்த வசந்தத்தில் லூசில் பின்கதவைத் திறக்கும்போது படியடியில் ஒரு பாத்தி முழுக்க ஜசாந்த் நிற்கவேண்டும். அவருக்கு முன்கூட்டியே ஒன்றும் தெரியக்கூடாது.

ஒக்டோபரில் கிறகரியைக் கூட்டிக்கொண்டு தோட்டச் சாமான் கடைக்குப் போனாள். பெரிய வெங்காயம்போல, ஊதாத் தோல் மினுங்கும் கிழங்குகள். கடைக்காரப் பெடியன் எல்லாம் சொல்லிக் கொடுத்தான். ஒரு சாண் ஆழத்தில், கூர்ப்பக்கம் மேலே இருக்க வைக்கவேண்டும். கையுறை போடவேண்டும், இல்லாவிட்டால் கை கடித்து அரிக்கும். குழிக்குள் கொஞ்சம் எலும்புத்தூள் போட்டால் வேர் நல்லாய்ப் பிடிக்கும்.

"அணில் தோண்டாதோ?" என்று அக்னெஸ் கேட்டாள்.

"இதைத் தோண்டாது மடாம். அணில் இதைத் தின்னாது."

அவளுக்குச் சந்தோசம். ஏன் தின்னாது என்று அவள் கேட்கவில்லை.

லூசில் பல்வைத்தியரிடம் போயிருந்த ஒரு சனிக்கிழமை பார்த்து, முழங்காலில் நின்று பாத்தி கொத்தினாள். கிறகரி மண் அள்ளிப் போட்டார். எலும்புத்தூளை அவள் தாராளமாகவே தூவினாள். மேலே உதிர்ந்த மேப்பிள் இலைகளைப் பரப்பி மறைத்துவிட்டாள்.

"அந்த மனுசிக்கு ஒருக்கால் சொல்லிவிடுமன். வளவுக்குள்ள நடந்து திரியிறவ" என்றார் கிறகரி.

"சொன்னால் பேந்து என்ன புதினம்? நீங்கள் பேசாமல் இருங்கோ."

மறுநாள் ஞாயிறு. இருவரும் பூசைக்குப் போய்விட்டார்கள். லூசில் வழக்கம்போலப் பிஜூவைப் பின்வளவுக்குள் இறக்கிவிட்டு, மேலே கோப்பி போட்டுக்கொண்டிருந்தார். எலும்பு வாசம் நாயை நேரே பாத்திக்குக் கொண்டுபோனது. லூசில் கூப்பிட்டபோது அது மூக்கெல்லாம் மண்ணோடு ஏறி வந்தது. அவர் சிரித்துக்கொண்டு துடைத்துவிட்டார்.

பின்னேரம் லூசில் கதவைத் தட்டினார். நாய் கையில் தொங்கியது. வாயிலிருந்து இரத்தம் கலந்த நுரை.

"அக்னெஸ், இது சத்தியெடுத்துக்கொண்டே இருக்குது. நடுங்குது. எனக்குப் பயமாயிருக்குது."

கிறகரி காரை எடுத்தார். பின்சீற்றில் லூசில் நாயை மடியில் வைத்துக்கொண்டு, "மோ பிஜூ, மோ பிஜூ", என் பிஜூ, என் பிஜூ, என்று அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். மிருக வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருத்தி நாயை மேசையில் கிடத்திக் கேட்டாள்: "எதையாவது தின்றதா?"

"மண் கிளறினது. அங்கே ஒன்றுமில்லை, வெறும் புல்" என்றார் லூசில்.

அக்னெஸுக்கு அப்போதுதான் விளங்கியது. கிறகரி அவளைப் பார்த்தார். அவள் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னாள்: "நான் அங்கே ஜசாந்த் கிழங்கு நட்டனான். நேற்று. எலும்புத்தூளும் போட்டனான்."

வைத்தியர் உடனே வேலையைத் தொடங்கினாள். அந்தக் கிழங்கு நாய்க்கு நஞ்சு என்றும், நாய் சின்னது, வயதும் போய்விட்டது என்றும் சொல்லிக்கொண்டே ஊசி ஏற்றினாள். லூசில் அக்னெஸைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. ஆளை மாறிப் பார்த்துவிட்டவரைப்போல ஒரு பார்வை.

விடியுமுன்னே பிஜூ செத்துவிட்டது.

திரும்பி வரும்போது காருக்குள் லூசில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன் எனக்குச் சொல்லவில்லை? கிழங்கு நாய்க்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அம்மா எங்கள் நாயைக் கட்டித்தான் வைப்பா. ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் பிஜூவைக் கீழே விட்டிருக்க மாட்டேன்."

"உனக்கு ஒரு சந்தோசமாய் இருக்கட்டும் என்று..." என்றாள் அக்னெஸ்.

வீட்டுவாசலில் இறங்கும்போது லூசில் கிறகரிக்கு மெர்சி என்று நன்றி சொன்னார். அக்னெஸிடம், "நீங்கள் போய்ப் படுங்கள், மடாம்" என்றார். வூ. அந்த ஒரு சொல்லில் அக்னெஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு லூசில் பின்படிக்கு வரவில்லை. அக்னெஸ் சூப் வைத்து மேலே கொண்டுபோய் வாசலில் வைப்பாள். காலையில் அது வைத்த இடத்திலேயே இருக்கும். மன்னிப்புக் கேட்க இரண்டு மூன்று தடவை கதவைத் தட்டினாள். உள்ளே ரேடியோச் சத்தம் குறையும், கதவு திறக்காது. பனி விழத் தொடங்கியதும் லூசிலின் படிகளை அவளே வழித்து, வழுக்காமலிருக்க உப்புப் போட்டாள். அதையாவது அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

கார்டெறியில் ஒரு பிள்ளை நாய்ப்படம் கீறிக்கொண்டு வந்து காட்டினால் அவள் குசினிக்குள் போய்விடுவாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், "நீ அன்பாலேதானே செய்தாய், பாவமில்லை" என்று சொன்னது அவளுக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. "அன்பாலே செய்ததாலதானப்பா தாங்க முடியேல்லை" என்று கிறகரியிடம் அழுதாள்.

மார்ச்சில் லூசிலின் மருமகள் முறையான ஒருத்தி வந்து அவரை ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யிலுள்ள முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனாள். கிறகரி பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார். அக்னெஸ் யன்னலடியில் நின்றாள். லூசில் நிமிர்ந்து பார்க்காமல் காரில் ஏறினார்.

மே மாதம் பிறக்கும்போது பாத்தியில் நாய் தோண்டாமல் விட்ட கிழங்குகள் பூத்தன. நீலமும் வெள்ளையுமாக, அவள் நினைத்திருந்ததைவிட வடிவாக. அக்னெஸ் யன்னல்களை இறுக்கி மூடினாள். வாசம் கதவிடுக்கால் வந்தது.

மேல்வீட்டுக்குப் புதிதாகத் தாட்சாயினி என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை குடிவந்திருந்தாள். தவழுகிற குழந்தை ஒன்று அவளுக்கு. அவள் குழந்தையோடு படியால் இறங்கி வந்து பாத்தியைப் பார்த்து, "அன்ரி, என்ன வாசம்! நீங்களே நட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம், நான்தான். பிள்ளையை இதுக்குக் கிட்ட விடாதையும். கிழங்கு நஞ்சு." நாய் தோண்டின இடத்தை அக்னெஸ் காட்டினாள். "மேல்வீட்டில இருந்த மனுசியின்ர நாய் இதைத் தின்டுதான் செத்தது. நான் அவவுக்குச் சொல்லாமல் நட்டுப்போட்டன்."

தாட்சாயினி சட்டென்று குனிந்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

அன்று பின்னேரமே அக்னெஸ் கையுறை போட்டுக்கொண்டு, பூத்து நிற்கும்போதே எல்லாவற்றையும் கிழங்கோடு கிண்டி எடுத்தாள். "பூவையாவது மாதா சுரூபத்துக்கு வைப்பம்" என்றார் கிறகரி. அவள் தலையாட்டி மறுத்தாள். கறுப்புப் பைக்குள் போட்டுக் கட்டித் தெருவோரம் வைத்தார்கள். குப்பை வண்டி வரும்வரைக்கும் அந்தத் தெரு முழுக்க மணந்தது.

யூனில் ஒருநாள் அவள் மெற்றோ ரயிலில் மஞ்சள் பாதை எடுத்து லொங்குய்க்குப் போனாள். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. இல்லத்தின் வரவேற்பறையில் நெடுநேரம் இருந்த பிறகு லூசில் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெலிந்துபோயிருந்தார். எதிரே உட்கார்ந்தார்.

"நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்" என்றார்.

அக்னெஸ் அழத் தொடங்கினாள்.

"ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்த மேசையும் பிஜூவும்தான் கண்ணில் நிற்கிறது. கோபமில்லை. என்னால் ஏலாது, அவ்வளவுதான். படி வழித்துத் தந்ததுக்கு நன்றி. இனி வரவேண்டாம், அக்னெஸ்."

அவர் மெல்ல எழும்பி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மின்தூக்கிக் கதவு மூடும்வரை அக்னெஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக் கிட்டவுள்ள ஜாரி மெற்றோ நிலையத்துக்கு வெளியே கிறகரி காரோடு நின்றார்.

"கதைச்சவவோ?"

"கதைச்சவ."

"என்னவாம்?"

அவள் இருக்கைப் பட்டியை இழுத்தாள். அது இரண்டு தரம் நழுவியது. "இனி வரவேண்டாமாம்" என்றாள்.

கிறகரி பட்டியை வாங்கி அவளுக்குப் பூட்டிவிட்டார். காரை எடுக்காமல் இருந்தார். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான், பிறகும் அடித்தான்.