விருப்பச் சீட்டில் ஒரு வரி

வின்ஸம் பாஸ்கோவுக்குப் பார்வை போனது ஐம்பத்தெட்டாம் வயதில். அதற்கு முன் முப்பது வருஷம் ஹோபார்ட் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் புரூஃப் பார்த்தவள். அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். கண் போயும் அந்தக் குணம் போகவில்லை. வானொலியில் செய்தி வாசிப்பவரிலிருந்து தேவாலயத்துப் பாதிரியார் வரை அவள் வாயில் விழாத ஆள் கிடையாது. அதிகம் மாட்டிக்கொண்டது கூடவே இருந்த தங்கை மெர்ல்தான்.

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையடிவாரத்தில் அப்பா விட்டுப்போன மரவீட்டில் இருந்தார்கள். பாதி வருஷம் மழை, மீதி வருஷம் காற்று. மெர்ல் சமைப்பாள், கணப்புக்கு விறகு பிளப்பாள், அக்காவைக் கைபிடித்துத் தபால் பெட்டி வரை கூட்டிப்போவாள். போகும்போதும் பேச்சு, வரும்போதும் பேச்சு.

வின்ஸம் அந்தத் தபாலுக்காகத்தான் உயிரோடு இருந்தாள் என்றே சொல்லலாம். பார்வையில்லாதவர்களுக்கான ஒலிநூலகத்திலிருந்து பச்சைப் பெட்டியில் ஒலிநாடாக்களாகப் புத்தகம் வரும். மூடியில் செருகிய முகவரி அட்டைக்கு ஒரு மூலை வெட்டியிருக்கும், விரலால் தடவித் தெரிந்துகொள்ள. கேட்டு முடித்ததும், பின்பக்கத்து நூலக முகவரி மேலே வரும்படி அட்டையைத் திருப்பிச் செருகித் தபாலில் போட்டால் பெட்டி நூலகத்துக்குப் போய்விடும். எந்தப் புத்தகம் யாருக்கு என்பதை நூலகர் டெஸ்மண்ட் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு வாசகருக்கும் அங்கே ஒரு விருப்பச் சீட்டு உண்டு. கொலைக்கதை வேண்டாம், கெட்ட வார்த்தை வேண்டாம், கடல் பயணம் பிடிக்கும் என்று அதில் குறித்திருக்கும்.

அந்த நூலகத்துக்கே போய், தன் குரலில் புத்தகம் படித்துப் பதிவு செய்து கொடுக்க வேண்டும் என்று மெர்லுக்கு ஆசை வந்தது. குரல் தேர்வில் இரண்டு தடவை தோற்றாள். மூக்கடைத்த குரல், வாக்கியம் முடியுமுன் மூச்சு வாங்கும். மூன்றாம் தடவை, பாவம் என்றோ என்னவோ, எடுத்துக்கொண்டார்கள்.

"வின், என்னை எடுத்துட்டாங்க! ஒரு கலங்கரை விளக்கத்துக் குடும்பத்தோட கதை. பெரிய புத்தகம்!"

"கண்ணு தெரியாதவங்க என்ன பாவம்டி பண்ணாங்க?" என்றாள் வின்ஸம்.

மெர்ல் சிரித்தாள். அடுத்த நிமிஷமே வின்ஸம் டெஸ்மண்டுக்குப் போன் போட்டாள். "என் சீட்டுல ஒண்ணு எழுதிக்கோங்க. என் தங்கச்சி படிச்சது எதையும் எனக்கு அனுப்பக் கூடாது. நாள் முழுக்க இந்தக் குரலைத்தான் கேக்கறேன். பெட்டியில வேற வச்சு அனுப்பணுமா?"

டெஸ்மண்டும் சிரித்தார். எழுதிக்கொண்டார்.

எட்டு மாதம், ஒவ்வொரு செவ்வாயும் மெர்ல் பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், எதுவரை வந்தது என்று சொல்லாமல் இருக்க மாட்டாள்.

"இன்னிக்குப் பதினோராவது அத்தியாயம் முடிஞ்சுது வின். பாவம் அந்தப் பொம்பள, படகு வருதான்னு பாக்க மேல ஏறிப் போறா. அதோட நிறுத்திட்டாங்க. இன்னும் மூணுதான்."

"சூப்பு ஆறுது. சாப்பிடு."

அதுதான் கடைசிச் செவ்வாய். வெள்ளிக்கிழமை காலை விறகுக் கொட்டகையில் மெர்ல் விழுந்தாள். வின்ஸம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு போய், காலில் இடறித்தான் தங்கையைக் கண்டுபிடித்தாள்.

அடக்கம் முடிந்து ஆட்கள் போனபின் வீட்டில் சத்தமே இல்லை. ஏழு ஆல்பம் நிறையப் புகைப்படம் இருந்தது. அவளுக்கு அதனால் என்ன பிரயோசனம்? மெர்லின் முகம் என்றோ மங்கிப்போயிருந்தது. இப்போது குரலும் நழுவ ஆரம்பித்தது. ஒரு மாதத்தில், 'சூப்பு' என்பதை மெர்ல் எப்படிச் சொல்வாள் என்று யோசித்தால் பிடிபடவில்லை. வின்ஸம் பயந்துபோனாள். உலகத்தில் அந்தக் குரல் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான்.

போன் எடுத்தாள். கேட்கவேண்டியதை நேராகக் கேட்க வாய் வரவில்லை. ஊரையெல்லாம் திருத்தியவள் யாரிடமும் எதற்கும் கெஞ்சிப் பழகாதவள்.

"டெஸ்மண்ட், அந்தக் கலங்கரை விளக்கப் புத்தகம் எனக்கு வேணும்."

"அது இன்னும் முடியலையே மிஸ் பாஸ்கோ. மூணு அத்தியாயம் பாக்கி நிக்குது."

"யாரையாவது வச்சு முடிங்க. சீக்கிரம்."

"கண்டிப்பா. உங்களுக்காகவே முதல்ல எடுத்துக்கறேன்."

ஆறு வருஷமாக வந்த எந்தப் புத்தகத்திலும் நடுவில் குரல் மாறியதில்லை. கவனிக்காதவளா அவள்? அன்று மட்டும் தோன்றவில்லை.

நான்கு மாதம் காத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்ததும் கதவைத் தாழ் போட்டாள். கையைக் கழுவித் துடைத்து, முதல் நாடாவைப் போட்டாள். தெளிவான, அழகான பெண்குரல் பேசிற்று. மூக்கடைப்பு இல்லை. மூச்சு வாங்கவில்லை. மெர்ல் இல்லை.

ஒவ்வொரு நாடாவாக எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே பெண். போன் செய்தாள்.

"நல்லா வந்திருக்கா மிஸ் பாஸ்கோ?" டெஸ்மண்டின் குரலில் பெருமை. "ஒரு புத்தகத்துக்கு ஒரு குரல்தான் இங்க. ரெண்டு பேர் படிச்சா கேக்கறவங்க குழம்பிப்போறாங்க. அதான் முதல்லேர்ந்து திரும்பப் படிக்க வச்சோம்."

"பழசு?"

"ரீல் தட்டுப்பாடு. அதை அழிச்சு அது மேலயே புதுசைப் பதிஞ்சுட்டோம். உங்க சீட்டையும் பாத்தேன், தங்கச்சி குரல் வேண்டாம்னு நீங்களே சொல்லியிருந்தீங்க. அதுவும் இந்தச் சமயத்துல அதைக் கேட்டா உங்களுக்குத் தாங்காதுன்னு…"



"அந்த வரியை அடிச்சிடுங்க டெஸ்மண்ட்."

"எந்த வரி?" என்று கேட்டவருக்கு அப்புறம்தான் உறைத்தது. "ஐயோ, மிஸ் பாஸ்கோ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் போனை வைத்துவிட்டாள். என்னவென்று சொல்வது? தப்பு அவர் பேரில் இல்லை. தேடிப் பார்த்தால் அவளுடைய வாயில்தான் இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து அந்த அந்நியக் குரலை முதலிலிருந்து கேட்டாள். நான்கு நாள் கேட்டாள். பதினோராவது அத்தியாயத்தின் முடிவில் அந்தப் பெண், படகு வருகிறதா என்று பார்க்க மேலே ஏறிப் போனாள். அங்கே நாடாவை நிறுத்தினாள். படகு வந்ததா, இல்லையா? அவள் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

நாடாக்களை அடுக்கி, வெட்டிய மூலையைத் தடவி, அட்டையைத் திருப்பிச் செருகினாள். பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வேலியைப் பிடித்தபடி தனியாகத் தபால் பெட்டிக்குப் போனாள்.