மாட்டுக்கும் கூட்டம் பார்த்தவர்

காலையில் சொசைட்டியில் பால் ஊற்றும்போதுதான் சொன்னார்கள், கிணத்துக்கடவில் நெடுங்காலம் மாட்டு டாக்டராக இருந்த ஞானமுத்து ஐயா காலமாகிவிட்டார் என்று. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கட்டுத்தரைக்குப் போய், கிழட்டுச் செவலைப் பசுவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

ஐயா நாகர்கோவில் பக்கத்தவர். வந்த புதிதில் எங்கள் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு எங்களைவிட அதிகமாக ‘ங்க’ போட்டார். ஊசி போடும்போது மாட்டிடம்கூட, “கொஞ்சம் நில்லுங்க அம்மணி” என்பார்.

செவலை என் அம்மா வீட்டுச் சீதன மாட்டின் வழி வந்தது. அதன் தலைச்சன் கன்றையே பொலிகாளையாக வளர்த்தோம். ஊரே மெச்சிய காளை. அந்தப் பெருமையில், செவலையை வேறு காளையிடம் விட என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அடுத்த கன்று முன்னங்கால்கள் மடங்கிப் பிறந்து செத்தது. அதற்கடுத்த ஈற்றில், காலையிலிருந்து முக்கியும் கன்று வெளியே வராமல் செவலை படுத்துவிட்டது.

ஐயா வந்து கையில் விளக்கெண்ணெய் பூசி உள்ளே விட்டுப் பார்த்தார். “கன்னு செத்துப்போச்சுங்க. தலையில தண்ணி கோத்துப் பூசணிக்காயாட்டம் இருக்குது. தாயக் காப்பாத்தலாம்.”

தலையில் துளையிட்டு நீரை வடித்து, நாங்கள் கயிறு பிடிக்க, பதமாக இழுத்தெடுத்தார். செவலை பிழைத்தது.

“ராசி கெட்ட மாடுங்க. சந்தைக்கு ஓட்டிப்போடறேன்” என்றார் இவர். நான் செவலையின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஐயா கை கழுவிக்கொண்டே கேட்டார். “எந்தக் காளைங்க?”

“நம்ம காளைதானுங்க. இவ பெத்ததுதான்.”

“ஏனுங்க கவுண்டரே, பொண்ணு கேட்டுப் போனா மொதல்ல என்ன கேப்பீங்க?”

“என்ன கூட்டம், எந்தக் குலம்னுதானுங்க. ஒரே கூட்டம்னா பங்காளியாச்சுங்களே, கட்டமாட்டமுங்க.”

“இவளுக்குப் பெத்த மகனையே கட்டி வெச்சுப்போட்டு, ராசி மேல பழி போடறீங்களே?”

“அது மாடுதானுங்களே.”

“கன்னுக்கு அது தெரியாதுங்க.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தேன். இவரும் சிரித்துவிட்டார். சந்தைப் பேச்சு அத்தோடு போயிற்று.

அடுத்த முறை நெகமத்துக் காளை. துள்ளிக்கொண்டு ஒரு கிடாரிக் கன்று பிறந்தது. வந்து பார்த்த ஐயா, “சம்பந்தம் நல்ல எடமுங்க” என்று ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார்.

என்னைப் போலவே செவலையும் இப்போது பாட்டி. அதன் பேத்தி நிறைசினையாக நிற்கிறது.

போய் வாருங்கள் ஐயா. காளையின் தாய் எது, தகப்பன் எது என்று கேட்டுவிட்டுத்தான் இவர் அந்தப் பேத்தியைச் சினைக்கு விடக் கட்டுத்தரையிலிருந்து அவிழ்த்தார்.