நீல ஆர்க்கிட் மறுபடி பூத்தபோது

அந்தச் செடி என்னிடம் வந்தபோது அதில் பூத்திருந்த அத்தனையும் நீலம். பேனா மை சிந்தினால் வருகிற நீலம். இதழ் நரம்புகளில் மட்டும் அது இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. கொண்டுவந்து கொடுத்தவள், பெங்களூரில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த தோழி. அன்று எனக்குப் பிறந்தநாள் இல்லை, பண்டிகையும் இல்லை.

"சும்மாதான்டி. பாத்தேன், உன் ஞாபகம் வந்துச்சு, வாங்கிட்டேன்" என்றாள்.

என் மேஜையில் ஜன்னலோரமாக வைக்கப்போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "இங்க வேணாம். ஏசி ஆவாது அதுக்கு. இன்னைக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போ." சொன்னபடி தொம்மலூரில் என் வீடு வரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பூக்கள் தலையாட்டின.

நாங்கள் இருவரும் உதவி ஆசிரியர்கள். நிருபர் எழுதிக் கொடுப்பதை நம்பக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கியவர்கள். அமைச்சர் வந்தார் என்றால் உண்மையிலேயே வந்தாரா என்று போன் போட்டுக் கேட்போம். ஒருவர் முடித்த பக்கத்தை இன்னொருவர் படித்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அது அச்சுக்குப் போகும். ஆனால் அவள் முடித்த பக்கங்களை நான் படித்ததில்லை. கையெழுத்து மட்டும் போடுவேன். என் பக்கங்களுக்கு அவளும் அப்படித்தான். அவள் பார்த்தால் நான் பார்த்த மாதிரி. இருபது வருடம் அப்படியே ஓடியது, ஒரு தவறும் வரவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் பிரிவைப் பாதியாகக் குறைத்தார்கள். நான் வெளியே வந்த பாதியில் இருந்தேன், அவள் உள்ளே இருந்த பாதியில். லிஃப்ட் வாசலில் என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்வதை நிறுத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை. மர்பி டவுனில் அவள் வீடு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பூசை முடிந்ததும், சர்ச்சுக்குக் கட்டிய அதே புடவையில் நேராக வந்துவிடுவாள். அந்த அலுவலகத்திலிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டுதான்: அவள், அவள் கொடுத்த செடி. செடி செத்துக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் நான்தான். துளசிக்கு ஊற்றுவதுபோல் தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். பூக்கள் உதிர்ந்தன. அது இயல்பு என்றார்கள். பிறகு அடி இலை மஞ்சளானது. அதற்கடுத்த இலை, பழைய பலூன்போலச் சுருங்கித் தொங்கியது. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தொட்டியில் அடைத்திருந்த ஈரப் பாசியைச் சுற்றி வேர்கள் பழுப்பாக, கூழாக இருந்தன. அமுக்கினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் வந்தது. நாற்றம், சாக்கடை அடைத்துக்கொண்டதுபோல.

பழைய ஞாயிறு பதிப்பை விரித்து அதன்மேல் செடியைக் கிடத்தினேன். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகிய வேர்களை நறுக்கினேன். உறுதியாக இருந்தவை மூன்றே வேர்கள். வெட்டிய இடங்களில் அழுகல் பரவாமல் இருக்க, சமையலுக்குப் போடும் பட்டைப்பொடி தடவினேன். அடுத்த நாள் முழுக்கக் காயவிட்டு, கரித்துண்டு, உடைத்த செங்கல், தேங்காய் மட்டைத் துண்டுகள் போட்ட மண்சட்டியில் உட்காரவைத்தேன். மண் கிடையாது. சமையலறை ஜன்னலில், காலை வெயில் வலைத்துணி வழியாக வருகிற இடத்தில் வைத்தேன். வேர் வெள்ளி நிறத்துக்கு வந்தால் மட்டும் தண்ணீர். நனைந்ததும் அது பச்சையாகும். அதைக் கவனிப்பதுதான் முழு வேலையும். கவனிப்பது எனக்குத் தெரிந்த வேலை.

அப்போது ஒன்றைப் பார்த்தேன். பழைய பூத்தண்டின் அடியில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. அதன்மேல் மெழுகு மாதிரி ஏதோ மூடியிருந்தது. துளையைச் சுற்றித் தண்டு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. பூச்சி துளைத்திருக்கிறது, செடி தானே பிசின் விட்டு மூடியிருக்கிறது என்று முடிவு செய்தேன். வேப்பெண்ணெய் தடவினேன். தண்டு காய்ந்தபோது மேலே நறுக்கிவிட்டு, அந்தத் துளை இருந்த அடிக்கட்டையை மட்டும் விட்டுவைத்தேன், காயம் ஆறட்டும் என்று.

தோழி வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பாள்: "நீலம் வந்துச்சா?"

"இப்பதான் ஒரு வேர் விட்டிருக்கு."

"ஒரு வேருக்கா இந்த அலப்பறை? பிள்ளை பெத்தவகூட இவ்ளோ சொல்ல மாட்டா."

அடுத்த முறை ஓர் இலை. அதன் பிறகு இன்னொன்று. மழைக்காலம் போனது. அவள் அலுவலகக் கதைகள் சொல்வாள், நான் டீ போடுவேன். "டாக்டரம்மா, பேஷன்ட் எப்படி?" என்று செடியைப் பார்த்துத்தான் கேட்பாள். ஒரு தடவை சொன்னேன்: "நீலம் வந்ததும் முதல் போட்டோ உனக்குத்தான்." அவள் இலையைத் தடவிக்கொண்டே, "வரும், வரும்" என்றாள்.

பெங்களூரின் டிசம்பர் குளிர் ஆர்க்கிட்டுக்கு நல்லது. இரவு குளிர்ந்தால்தான் அது தண்டு விடும். விட்டது. வேரா தண்டா என்று தெரியாத பச்சை நுனி, வளர வளரக் கையுறை போட்ட விரல்போல் ஆனது. மொட்டுகள் வைத்தன. மார்ச்சில், ஒரு சனிக்கிழமை காலை, முதல் மொட்டு திறந்தது.

வெள்ளை. சுத்தமான வெள்ளை. நடுவில் உதடுபோல் இருந்த இதழில் கொஞ்சம் மஞ்சள்.

போட்டோ அனுப்பவில்லை. மறுநாள் அவளே வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீலம் வந்துச்சா?"

"வந்து பாரு."

பார்த்தாள். நான் பூவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியம் இல்லை.

"அழகா இருக்குடி" என்றாள்.

"ஏன் வெள்ளை?"

"அது வந்து... சாயம் மா. தண்டுல ஓட்டை போட்டு ஊசியில ஏத்துவாங்களாம். ஒரு தடவைதான் நிக்குமாம். கடையிலயே சொன்னாங்க."

"ஒரு வருஷத்துக்கு மேல, வர்றப்பல்லாம் நீலம் வந்துச்சான்னு கேட்டியே."

"நீ அவ்ளோ ஆசையா பேசுன. சொன்னா மூஞ்சி சுருங்கிடும்னு... பிடு மா, பிடு."

சங்கடமான பேச்சு வந்தால் அவள் கன்னடத்துக்குத் தாவுவாள். பிடு என்றால் விட்டுவிடு. இருபது வருடமும் அந்தச் சொல்லைக் கேட்டால் நான் விட்டுவிடுவேன். அன்று அடிக்கட்டையைப் பார்த்தேன். துளை அங்கேயே இருந்தது. அவள் கொடுத்ததில் இன்னும் எதை நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று தோன்றியது.

"அன்னைக்கு ஏன் இதை என் மேஜையில வைக்க விடல?"

"ஏசி..." என்று ஆரம்பித்தாள். நான் போட்டுக் கொடுத்திருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"செடி குடுத்ததுக்கு முந்தின நாள் மேல கூப்பிட்டாங்க. நம்ம ரெண்டு பேர்ல யாரை வெளிய அனுப்பலாம்னு கேட்டாங்க. நான் என்னத்தடி சொல்றது?"

"என்ன சொன்ன?"

"உனக்கு வீட்டுக்காரர் சம்பளம் இருக்குன்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். என் நிலைமை உனக்குத் தெரியும்."

தெரியும். அவள் தனியாகப் பிள்ளையை வளர்த்தவள். எனக்கு வீட்டுக்காரர் சம்பளம் இருந்தது. அவள் மேலே போய்ச் சொன்ன வாக்கியத்தில் தகவல் பிழை எதுவும் இல்லை. என்னிடமே வந்திருந்தாலும் திருத்த ஒரு எழுத்து இருந்திருக்காது. ஆனால் என்னிடம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு செடி வந்தது.

"அன்னைக்கு சாயந்திரம் நேரா நர்சரிக்குத்தான் போனேன்" என்றாள். "உனக்கு ஏதாவது குடுக்கணும் போல இருந்துச்சு."

அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். "தூக்கிப் போட்டுடுவியா?"

"செடி என்ன பண்ணுச்சு?"

லிஃப்ட் வர நேரமானது. அவள் படியிலேயே இறங்கிப் போனாள். டீ பாதி அப்படியே இருந்தது.

கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து, துளை இருந்த அடிக்கட்டையை ஒட்ட வெட்டினேன். வெட்டிய இடத்தில் பட்டைப்பொடி வைத்தேன். இந்த வகைப் பூ மாதக்கணக்கில் உதிராது. அடுத்தடுத்த மொட்டுகளும் திறந்தன, எல்லாம் அதே வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் எதையும் தாமதமாகத்தான் கவனிப்பார். ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தவர் ஜன்னலருகே நின்றார்.

"நீலம்னு சொல்லிட்டிருந்தியே?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் போடும்போது, தவறு யாரால் வந்தது என்று எழுத மாட்டோம். சரியானது எது என்பதை மட்டும் போடுவோம்.

"வெள்ளை" என்றேன்.